மூன்று துண்டான நாவலும் மோர்க்குழம்பும்

தொண்ணூறுகளின் நடுவில், திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிப் பாரிமுனையில் ஓர் அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்வந்தேன். பெண்கள் பெட்டியில் எனக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருவர் என்னோடு ஏறித் திருவள்ளூரில் இறங்கும் கணக்கு டீச்சர். இன்னொருவர் அரக்கோணத்தில் ஏறும் அக்கா. ரயில்வே ஆபீசில் வேலை.

அந்த வருடம் புத்தகக் கண்காட்சியில், அட்டையில் கரண்டி படம் போட்டிருந்ததைப் பார்த்து ஒரு நாவல் வாங்கினேன். அந்தக் கதையில், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் வைக்கும் மோர்க்குழம்பைச் சாப்பிடுகிறவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பிவிடுகிறார்கள். முதலில் மாமனார், பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்புறம் தெருவே. பாதி படிப்பதற்குள் ரயில் வெக்கையில் பசை விட்டுப் புத்தகம் மூன்று துண்டாகிவிட்டது.

அதுவும் வசதியாய்ப் போயிற்று. நான் முடித்திருந்த முதல் துண்டை டீச்சர் எடுத்துக்கொண்டார். நடுத்துண்டு என்னிடம். அக்காவுக்குப் பொறுமை இல்லை. “கடைசிய குடும்மா. முடிவு தெரிஞ்சிக்கினா நிம்மதியா படிக்கலாம்” என்று மூன்றாவதை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாளில் டீச்சர் கொதித்துப்போய் வந்தார்.

“பொய்க்கு ஒரு அளவு வாணாமா? சாப்ட்டா ஏப்பம் வரும். பறப்பாங்களா?”

“நம்ம சாமி மயில்மேல பறக்கறத நம்பறீங்களே டீச்சர்?”

“அவரு சாமி, பறக்கலாம். ரிட்டையரான மாமனார் எதுக்குப் பறக்கணும்?”

அரக்கோணத்தில் அக்கா ஏறினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லம்மா. அந்த மாமியார நெனச்சு அழுதுகினு இருந்தேன்.”

“அவளுக்கா?” என்று டீச்சர் எழுந்தே விட்டார். “அவ ராட்சசிங்க! மருமவள அடுப்பங்கரையில இன்னா பாடு படுத்தறா!”

“யாரச் சொல்றீங்க? அவ தெய்வங்க!”

எனக்கும் முடிவு தெரியாது. அக்காதான் சொன்னார். கடைசியில் ஊரே காற்றில் மிதக்கிறது. யாரும் பறந்துபோய்விடாமல் எல்லார் இடுப்பிலும் கயிறு கட்டி, அத்தனை நுனியையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பவள் அந்த மாமியார் ஒருத்திதான். அதற்காகவே அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை.

“ஜனங்க பறக்கறாங்களே, அது உங்களுக்கு விநோதமா இல்லியா?” என்றார் டீச்சர்.

“மொத பக்கத்துலேர்ந்தே எல்லாரும் பறந்துகினுதானே இருக்கறாங்க? அந்த ஊரு அப்படி போலன்னு இருந்துட்டேன்.”

குரல்கள் ஏறின. எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், யாரோ சொந்தக்காரியைப் பற்றிய சண்டை என்று நினைத்து, “வயசானவதானே, விட்டுடுங்கம்மா” என்று சமாதானம் சொன்னாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. இறங்கும்போது அக்காவின் மடியிலிருந்த மூன்றாம் துண்டைப் பறித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒருநாள் பெரிய தூக்குவாளியோடு வந்தார். அரக்கோணம் தாண்டியதும் மூடியைத் திறந்தார். வெள்ளைப் பூசணி போட்ட மோர்க்குழம்பு. தேங்காயெண்ணெய் வாசனை பெட்டியெங்கும் பரவியது. மந்தாரை இலையில் சோறு வைத்து, பூக்கார அம்மாளுக்கும் சேர்த்துப் பரிமாறினார்.

“எனக்கு அந்த புக்கு புடிக்கல. ஆனா படிச்சதுலேர்ந்து நாக்குல மோர்க்குழம்புதான் நிக்குது.”

அக்கா ஒரு வாய் சாப்பிட்டுக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். “இன்னும் தரையிலதாங்க இருக்கேன்.”

“இன்னொரு கரண்டி போட்டுக்கங்க” என்றார் டீச்சர். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

மறுவருடம் கண்காட்சிக்கு மூவரும் சேர்ந்தே போனோம். உள்ளே நுழைந்ததும் டீச்சர் அந்தப் பதிப்பகத்தின் கடையைத் தேடிப் பிடித்தார். கல்லாவில் இருந்தவரிடம், வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்:

“எழுதினவங்களப் பாத்தா சொல்லுங்க. எல்லாரையும் எறக்கி வுட்டாவது அந்த மாமியாருக்கு ஒருவாய் சோறு போட்டிருக்கலாம். பாவம், பட்டினியாவே கதைய முடிச்சிட்டாங்க.”

கல்லாக்காரர் விழித்தார். பிறகு, “பத்து பர்சன்ட் தள்ளுபடி உண்டுங்க” என்றார்.

வெளியே வந்து முறம் அகலத்துக்கு ஆளுக்கொரு டெல்லி அப்பளம் வாங்கினோம். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மிளகாய்ப்பொடி புரையேறி அவர் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் எங்கள் ரயிலுக்கு நேரம் தாண்டிவிட்டது. அடுத்த வண்டிக்கு நேரமிருந்தது. ஆளுக்கு இன்னொரு அப்பளம் சொன்னோம்.