சாலையில் உட்கார்ந்த குற்றம்

என் கணவர் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் காரைக்காலில் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. அதற்குச் சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அப்போது எந்தச் சிக்கலும் வரவில்லை.

எங்கள் வீடு கீழவாஞ்சூர்ப் பக்கம். துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி லாரிகள் தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் போகும். காலையில் கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் கறுத்துவிடும். என் மகளுக்கு மூச்சிழுப்பு வர ஆரம்பித்த வருடம், பெண்கள் நாற்பது பேர் சாலையில் உட்கார்ந்தோம். வீடு வீடாகப் போய் அழைத்தது நான்தான். விடுப்பில் இருந்த கணவர் எங்களுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்தார். போலீஸ் எங்களை வேனில் ஏற்றியபோது அவரையும் சேர்த்து ஏற்றினார்கள். மறியல் வழக்கில் அவர் பெயரும் வந்தது.

நீதிமன்ற வாசலில் வக்கீல் சொன்னார். "குற்றத்த ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடுங்க. இன்னையோட முடிஞ்சிடும். இல்லன்னா வருஷக்கணக்கா அலையணும்."

கட்டினோம். ஆனால் அதோடு முடியவில்லை.

அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது போலீஸ் அறிக்கையில் ஒரே வரி: குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர், பரிந்துரைக்க இயலாது. மறுப்பு உத்தரவு தபாலில் வந்தது. அவர் துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டு, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அந்த வாரமே வங்கி அவரை நிறுத்தியது. எனக்கு ஆறவில்லை.

ஆயுதச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வன்முறையோ ஒழுக்கக்கேடோ உள்ள குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து வருடம் வரை துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போனேன்.

"கேஸுன்னா கேஸுதாம்மா," என்றார் பிரிவு எழுத்தர்.

"இவரு ஜெயிலுக்கே போகல சார். அபராதம்தான். யாரையும் அடிக்கல."

"பொது அமைதின்னு ஒண்ணு இருக்குல்ல. அதப் பாத்துத்தான் மறுத்திருக்காங்க."

எங்கள் தெருவில் ஒருவர் மனைவியின் கையை உடைத்தவர். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதே நான்தான். காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, வழக்கே பதியாமல் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆளிடமும் துப்பாக்கி உண்டு. இவருக்கு மறுத்த அதே மாதம் அந்த உரிமம் புதுப்பிக்கப்பட்டது. அதையும் கேட்டேன்.

எழுத்தர் கோப்பை மூடினார். "அவரு பேருல ரெக்கார்டு எதுவும் இல்லயேம்மா."

அன்று அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்த்திருந்தால் என் பெயரில் இன்னொன்று ஏறியிருக்கும்.

மேல்முறையீடு செய்தோம். புதுச்சேரிக்கு ஐந்து தடவை பஸ் ஏறினோம். நான்கு தடவை அதிகாரி இல்லை. ஐந்தாம் தடவை இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "அந்த மறியல்ல என்ன பண்ணுனீங்க?"

"தண்ணி குடுத்தேங்க சார்," என்றார் கணவர்.

மறுப்பு உத்தரவு ரத்தானது. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. வங்கியில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கி திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு. இப்போது அவர் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கம்புடன் நிற்கிறார்.

"போகட்டும் விடு. உத்தரவு நம்ம பக்கம் வந்துச்சுல்ல," என்றார் ஒருநாள்.

"யாரு குடுப்பா நமக்கு அந்த ஒரு வருஷத்த?" என்றேன்.

லாரிகள் இன்றும் தார்ப்பாய் கட்டாமல்தான் போகின்றன. போன மாதம் மறுபடியும் வீடு வீடாகப் போனேன். முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. பையன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கான். போலீசு விசாரிக்க வருவாங்க. ஒங்க வீட்டுக்காரருக்கு நடந்ததப் பாத்தோம்ல."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அப்படிப் பேச வைத்தவர்கள்மேல்தான் வந்தது. மறியலன்று சாலைக்கு வந்தது ஒன்பது பேர். ஒன்பது பேரும் உட்கார்ந்தோம்.