ஹைப்ரிட் கார் மிச்சம் பிடித்தது

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குத் தினமும் கார் ஓட்டியே ஓய்ந்துபோனவள் நான். பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு என்று கணவர் சொன்னதால், யாரோ ஓட்டிய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கினோம். அவர் சொன்னது பொய்யில்லை. நெரிசலில் இன்ஜின் தானாக அணைந்து, கார் பேட்டரியில் ஊர்ந்தது. பெட்ரோல் ஊற்றப் போவது பாதியாகக் குறைந்தது.

போன வருடம் அந்தப் பேட்டரி செத்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

"மாத்தினா ஓடுமா, பாஸ்?" என்றேன்.

"ஓடும் லா, அக்கா. இன்னும் பல வருஷம் கவலையில்ல."

"பழைய பேட்டரி எங்க போவும்?"

"சப்ளையர் எடுத்துட்டுப் போவான். அப்புறம் என்ன பண்றான்னு எனக்கும் தெரியாது."

மாற்றச் சொல்லிவிட்டு, கார் வரும்வரை கம்யூட்டர் ரயிலில் போனேன். பல நாள் நின்றுகொண்டேதான் பயணம். கால் கடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்ள முடிந்தது. கார் திரும்பி வந்த பிறகும் நான் சாவியை எடுக்கவில்லை.

"அப்ப எதுக்கு மாத்தினோம்?" என்றார் கணவர்.

"காரு பெட்ரோல மிச்சம் பண்ணுச்சுங்க. எனக்குத்தான் தெம்பு மிச்சமில்ல."

இப்போது ஞாயிறுகளில் பாசாருக்குக் காய்கறி வாங்க அவர் அந்தக் காரை ஓட்டிப் போகிறார். நான் வீட்டில் தூங்குகிறேன்.