சாராயக் கடைக் கம்பிக்கு உள்ளே இருந்து

சாராயக் கடை கவுண்டரில் நிற்கிறவன் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் சொல் ‘முடியாது’ என்பதுதான். சட்டம் போடுகிறவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள். அதைக் கம்பி வலைக்குப் பின்னால் நின்று வாயால் சொல்ல வேண்டியவன் நான். பஸ்ஸில் மிச்சக் காசுக்குத் திட்டு வாங்குகிறவர்களுக்கும், கரண்ட் பில் கட்டும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் என் பாடு புரியும். என் பெயர் எட்வின். இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்துகொண்டு, பஜாரில் லைசன்ஸ் உள்ள கடையில் வேலை செய்கிறேன். முதலாளி, நான், என்னோடு நிற்கும் சுனில், அவ்வளவுதான் கடை.

விலை ஏறிய அன்று

வரி கூடிவிட்டது என்று முந்தின நாள் டீவியில் சொன்னார்கள். காலையில் முதலாளி வந்து விலைப் பலகையை மாற்றினார். “இது பழைய சரக்குதானே முதலாளி?” என்று கேட்டேன். “அடுத்த லோடு எடுக்க நீ காசு தாறியா?” என்றார். பிறகு பேங்குக்குப் போய்விட்டார். கூட்டத்தைச் சமாளிக்க நானும் சுனிலும் நின்றோம்.

பகல் வேலை முடிந்ததும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செல்வராஜண்ணன் வந்தார். கம்பிக்குள் நோட்டை நீட்டினார். பத்தாது என்றேன். அவர் எனக்குப் பின்னால் தட்டில் இருந்த போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவருக்கு எடுத்துக் கொடுத்ததும் அதே தட்டிலிருந்துதான். பின்னால் நின்றவர்கள் கொள்ளைக்காரப் பயல்கள் என்று சத்தம் போட்டார்கள். யாரோ வலையைப் பிடித்து உலுக்கினார். சுனில் மெதுவாகப் போய் உள்கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அண்ணனின் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவர் கை அதன்மேல் இருந்தது.

கடைசியில் அவர்தான் திரும்பிக் கூட்டத்தை அடக்கினார். நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “ராத்திரி பூரா அதே தட்டுல இருந்த போத்தலுக்குள்ள வரி எந்த வழியா தம்பி நொழைஞ்சிச்சு?”

ஈரத்தில் உரிந்த ஸ்டிக்கர்

ஒவ்வொரு போத்தல் மூடியிலும் அரசாங்க ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஃபோனைக் காட்டினால் அது உண்மையா போலியா என்று தெரியும். எங்கள் ஊரிலோ தென்மேற்கு மழை தொடங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையே பூஞ்சணம் பூத்துப் போகும். அப்படி ஒரு மழையில் வரி சோதிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கீழ்த்தட்டுப் போத்தல்களில் ஸ்டிக்கர் ஊறிச் சுருண்டிருந்தது. இளையவர் ஃபோனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தெரியவில்லை. மூத்தவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

போலிச் சரக்கு என்று எழுதிவிட்டால் லைசன்ஸ் போகும். கவுண்டரில் நின்ற குற்றத்துக்கு நானும் கோர்ட் ஏற வேண்டும். சுனில் சிங்களத்தில் எவ்வளவோ சொன்னான், சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். மூத்தவர் உண்மையாகவே தொட்டுப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், “ஈரத்தை எழுத இந்த ஃபாரத்தில் இடமில்லையே,” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தட்டுப் போத்தல்களை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரக்கு நல்லதுதான் என்று கோர்ட் சொல்லும்வரை முதலாளி நடையாய் நடந்தார். அன்று ஜீப் போன பிறகு சுனில் அவனுடைய தமிழில் சொன்னான்: “ஸ்டிக்கர் செஞ்ச ஆளு ஒரு நாள் இங்க வந்து தூங்கணும் எட்வின், அப்பதான் பசை பத்தித் தெரியும்.”

ராக்கம்மாக்கா கேட்ட கால் போத்தல்

பெண்களுக்கு விற்கக் கூடாது என்பதும் சட்டம். பெரிய ஊர்களில் யாரும் கண்டுகொள்வதில்லை என்கிறார்கள். சின்ன பஜாரில் எல்லோர் கண்ணும் நம் மேல்தான். ராக்கம்மாக்கா கொழுந்து எடுக்கிறவர். புருஷன் முத்துசாமி எங்கள் கடை வாடிக்கை; ஈரல் கெட்டுச் செத்துப்போனார். கருமாதிக்கு முதல் நாள், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அக்கா வந்து கால் போத்தல் கேட்டார். செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டுமாம்.

கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் எதையும் வாங்காமல் நின்றிருந்தார். சோதிக்கிறவர்கள் இப்படி ஆள் விட்டுப் பிடிப்பார்கள் என்று முதலாளி எச்சரித்திருந்தார். “ஆம்பள யாரையாச்சும் அனுப்புங்கக்கா,” என்றேன். “எங்க வீட்டுல இருந்த ஆம்பளைக்குத்தான் கேக்குறேன்,” என்றார். வரிசையில் யாரோ சிரித்தார். அக்கா சிரித்தவரைப் பார்க்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அவருக்கு விக்காதீங்கன்னு இதே எடத்துல வந்து ஒங்களக் கும்புட்டேன், அதுக்குச் சட்டம் இல்லேன்னீங்க, இப்ப வாங்க வந்தா சட்டம் இருக்குங்கிறீங்க.”

அந்தோணியின் குழி

போயா என்கிற பௌர்ணமி நாளில் கடை திறக்கக் கூடாது. எங்கள் லயத்து அந்தோணி, போயாவுக்கு முந்தின நாள் கடை அடைத்த பிறகு திடீரென்று நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். மறுநாள் அடக்கம். மழையில் கல்லும் வேருமான மேட்டில் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது வழக்கம். என் மனைவி ரோசலினின் அண்ணன் செபஸ்தியான்தான் வெட்டுக்குத் தலைவர். மண்வெட்டியும் கையுமாக நாலைந்து பேரோடு என் வாசலில் வந்து நின்றார். முதலாளி நுவரெலியாவில். சாவி என்னிடம் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும்.

“பின்பக்கமா ரெண்டு போத்தல் எடுத்துக் குடு மச்சான், யாரு பாக்கப் போறா?” என்றார். முடியாது என்றேன். மாட்டினால் மூன்று குடும்பம் தெருவில் நிற்கும் என்றேன். அவர் நகரவில்லை. ரோசலின் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்; யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் காறித் துப்பிவிட்டு ஆற்றோரமாக இறங்கிப் போனார். அங்கே திருட்டுத்தனமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவனுக்குப் போயாவும் இல்லை, வரியும் இல்லை.

அதைக் குடித்துவிட்டுக் குழி வெட்டினார்கள், அந்தோணியை இறக்கினார்கள். மறுநாள் விடிந்ததும், அதிகம் குடித்திருந்த மச்சான், கண் முன்னால் வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சுவரைத் தடவி நடந்தார். கசிப்பில் விஷம் கலந்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிருக்கே சந்தேகம் என்று சொன்ன அன்று, வார்டுக்கு வெளியே ரோசலின் என் பக்கத்தில் உட்காராமல் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பிழைத்துக்கொண்டார். ஒரு கண்ணில் பார்வை வந்தது, மற்றதில் வெளிச்சம் மட்டும். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. பிறகு சொன்னார்: “நாளைக்கு சாகப் போறேன்னு அந்தோணி ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தா, நாங்களும் வரி கட்டுன சாராயமே குடிச்சிருப்போம் மச்சான்.”

குடிக்கிறவன் நல்லா இருக்கணும்னுதான் இவ்வளவு வரியும் விதியும் என்று சொல்கிறார்கள்; குடிக்காத எனக்கே இவ்வளவு தலைச்சுற்றல் என்றால், குடித்துவிட்டு அதையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டியவன் பாவம்.