வசந்தா அத்தை மேல் விழுந்த மண்

திரைத்துணியில் மண் விழும் சத்தம் தூறல் போலத்தான் தொடங்கும். ஆரணியில் ஆற்றோரம் இருந்த ‘டென்ட் கொட்டாய்’க்குள் பெண்கள் பக்கத்துத் ‘தரை டிக்கெட்’டில் ஆற்று மணலைக் கொட்டிவைத்திருப்பார்கள்; படத்தில் துரோகம் செய்கிறவள் வந்தால் பெண்கள் அதில் ஒரு கை அள்ளி, ‘நீ வெளங்குவியா’ என்று திரையைப் பார்த்துத் தூற்றுவார்கள். அன்றைக்கு அவர்கள் தூற்றியது என் அத்தையை. அத்தையோ எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வசந்தா அத்தை என் அப்பாவின் தங்கை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் மூன்றாவது படித்த வருஷம் பெரணமல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்குத் தேர்தல் வேலைக்குப் போனாள். ஓட்டுப் பதிவு முடியும் நேரத்தில் ஆட்கள் புகுந்து, மிச்சமிருந்த சீட்டுகளை எல்லாம் தாங்களே குத்திப் போடப் பார்த்தபோது, கூட இருந்த ஆண்கள் ஓடிவிட, அத்தை மட்டும் ஓட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஜீப் வரும்வரை தரையில் கிடந்தாள். முழங்கை முறிந்தது. பிறகு இடது கையை அவளால் நேராக நீட்ட முடிந்ததே இல்லை.

அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டே வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிவந்த அப்பா, அதை வைத்து ஒரு நாவல் எழுதினார். மந்திரி, கொலை, சதி எல்லாம் அவர் சேர்த்தது. பெட்டியை விடாத டீச்சர் மட்டும் அத்தை. பெருமையில் பேரைக்கூட மாற்றவில்லை. சினிமாக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து கதையை வாங்கிப் போனதும், டீக்கடையிலிருந்து பட்டுக்கடைவரை நின்று நின்று, ‘நம்ம வசந்தா கதைங்க, அப்படியே நடந்தது’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். படம் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

படத்தில் பெட்டியைக் காப்பாற்றுகிறவர் ஹீரோ. அவர் காப்பாற்ற வேண்டுமானால் யாராவது காட்டிக்கொடுக்க வேண்டுமே, அதற்கு வசந்தா டீச்சரை எடுத்துக்கொண்டார்கள். மந்திரியின் ஆள் பட்டுப்புடவை ஒன்றை நீட்ட, அவள் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டுச்சாவடிக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறாள். முதல் பிடி மண் அப்போதுதான் விழுந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இடைவேளையில் கொட்டாய்க்காரர் அப்பாவை மேடையேற்றி மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். தங்கை கதவைத் திறக்கவில்லை, அது படத்துக்காகச் சேர்த்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமி, படம் எடுத்தவர்களுக்கு நன்றி சொன்னார், அடுத்த கதையும் அவர்களுக்குத்தான் என்றார், இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள். “ஏண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சினிமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும். கதைதான, உட்டுத் தள்ளு,” என்றார் அப்பா.

ஊர் விட்டுத் தள்ளவில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் தாங்கள் ஓடியதைச் சொல்ல வெட்கப்பட்டு வாயே திறக்கவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “கூடப் பொறந்தவனே எழுதிக்கிறான், பொய்யா எழுதுவான்? கைய ஒடச்சிகினதுகூட நாடகமாத்தான் இருக்கும்.” அத்தை ஏதாவது கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு போனால், “இது எந்த எலெக்சன்ல வந்தது டீச்சர்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். தெருவுக்குத் தெரு பட்டுத்தறி ஓடிய ஊரில் அவள் அப்புறம் பட்டே கட்டவில்லை. தெள்ளாருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவள், அப்பாவின் சாவுக்குக்கூட வரவில்லை. அவள் வராததுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். அப்பாவின் அடுத்த கதையை யாரும் வாங்கவில்லை. அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

இப்போது அந்தக் கொட்டாய் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. நாவலின் ஒரு பிரதி கூட எங்கும் கிடைக்கவில்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் டிவியில் வருகிறது, யாராவது கூட இருந்தே காட்டிக்கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதை ‘வசந்தா வேலை’ என்கிறார்கள்.

நானும் டீச்சர்தான். போன தேர்தலில் எனக்கும் பூத் வேலை போட்டார்கள். பெட்டி போய் மெஷின் வந்துவிட்டது. காலையில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கட்சி ஏஜெண்டாக வந்திருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, “பாத்துங்க மேடம், வசந்தா வேலை காட்டிடாதீங்க,” என்றார்.

“அவங்க எங்க அத்தை. கதவைத் திறக்கலை. கை ஒடஞ்சும் பெட்டியை விடலை. எழுதினது எங்க அப்பாதான், நாவல்ல அப்படித்தான் இருந்தது, படத்துலதான் மாத்திட்டாங்க,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மரியாதையாகத்தான் கேட்டார். “அப்போ உங்க அப்பா அன்னிக்கே ஏன் மேடம் சொல்லலை?”

வெளியே வரிசை நின்றிருந்தது. ஓட்டுப் பதிவுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன்.