மதிலுக்கு வெளியே வளர்ந்த புற்று

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஆளுயர மதில் உண்டு. ஞானஸ்நானம் பெற்றுச் செத்தவர்களுக்கு மதிலுக்கு உள்ளே இடம். பெறாமல் செத்த பிள்ளைகளுக்கு வெளியே, கடற்கரை மணல் முடிந்து செம்மண் கலக்கிற புல்வெளி. அங்கே சிலுவை நடக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. பெயரே வைக்காத பிள்ளைக்கு எதை எழுதுவது? எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, என் மூத்த பிள்ளை அந்தப் புல்வெளிக்குப் போனான்.

பிறக்கும்போதே அவனுக்கு மூச்சில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே செம்பில் தண்ணீர் இருந்தது. உயிர் இருக்கும்போது அதில் ஒரு கை அள்ளித் தலையில் ஊற்றி ஞானஸ்நான மந்திரத்தைச் சொல்லியிருந்தால் போதும், பிள்ளை மதிலுக்கு உள்ளே போயிருப்பான். உயிரில்லாத தலையில் ஊற்றக் கூடாது என்று அவள் செம்பைத் தொடவில்லை. முறைப்படி அவள் செய்தது சரிதான். அந்த முறையின் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது சரக்குக் கப்பலில் இருந்தார். ஏறினால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஊர்ப்பக்கம் வர மாட்டார். என் தம்பிதான் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து முற்றத்தில் உட்கார்ந்து சின்னதாக ஒரு பெட்டி செய்தான். அவன் ஆணி அடிக்கிற சத்தம் நான் படுத்திருந்த அறைக்குள் கேட்டது. பச்சை உடம்போடு வாசல் தாண்டக் கூடாது என்று என்னை விடவில்லை. பிள்ளையை எந்தக் குழியில் இறக்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

இரண்டொரு நாளில் பால் சுரந்துவிட்டது. குடிக்க ஆள் இல்லை என்பது மாருக்குத் தெரியுமா? பால் வற்றுவதற்குப் பிச்சிப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டியும் நிற்கவில்லை. காய்ச்சலோடு எழுந்து போய்க் கொல்லைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு வருவேன். மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் பிச்சிப்பூ சூடியதே இல்லை.

நடமாடத் தொடங்கியதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். மதிலின் மேற்குப் பக்கம் முள் நிறைந்த ஒரு உடைமரம். அதற்கு அடுத்தாற்போல் ஒரு முழ நீள மேட்டைக் காட்டினான். அடையாளத்துக்கு அதன் தலைமாட்டில் ஒரு முத்துச்சிப்பி ஓட்டைப் புதைத்து வைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தால் புல்வெளி முழுக்க மேடு மேடாக இருந்தது.

"ஏலே, இம்புட்டும் பிள்ளைகளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பாதிக்கு மேல எலியும் எறும்பும் போட்ட மண்ணு."

அந்தப் பாதியைப் பிரித்துத் தெரிந்துகொள்வதே என் வேலையாகிவிட்டது. வாரம் தவறாமல் போனேன். வெள்ளெலி வளை தோண்டினால் மண்ணை ஒரே பக்கமாகத் தள்ளும், பொந்து ஒருபுறமும் குவியல் ஒருபுறமுமாக இருக்கும். எறும்பு வாசலைச் சுற்றி வட்டமாகக் கரை கட்டும், கரையெல்லாம் புல்விதையின் உமி கிடக்கும். மனிதன் போட்ட மேட்டுக்கு மட்டும் வாசல் கிடையாது. ஆனால் அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ஒருமுறை கிளறிய மண் இளக்கமாக இருப்பதால் எலிக்கு அங்கே வளை தோண்டுவது சுலபம். ஒரு மழைக்காலம் போனால் பிள்ளை மேடு அமிழ்ந்துவிடும், பக்கத்தில் எலி மேடு எழுந்துவிடும். கல்லறைத் திருநாளன்று ஒருத்தி எலி தள்ளிய மண்ணில் மெழுகுதிரி ஏற்றிவைத்து விழுந்து விழுந்து அழுததைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் மேடும் அப்படித்தான் காணாமல் போகும் என்று பயந்து கிடந்தேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஐப்பசி மழையில் அது அமிழவும் செய்தது, சிப்பி மட்டும் தெரிந்தது. ஆனால் மழை விட்டதும் அதே இடத்தில் ஈரச் செம்மண் விரல் விரலாக முளைத்து மேலே வந்தது. முதலில் ஒரு சாண். சிப்பி அதற்குள் மறைந்தது. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளின் மேடெல்லாம் தரையோடு தரையாகிக்கொண்டிருக்க, என் பிள்ளையுடையது மட்டும் வளர்ந்தது.

கறையான் என்று எனக்குத் தெரியாதா? புற்றைப் பார்க்காதவளா நான்? தெரிந்ததைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டேன். போகிறபோதெல்லாம் அதன் உச்சியில் கையை வைத்து, இந்நேரம் இருந்தால் இவ்வளவு உயரம் இருப்பான் என்று அளந்து பார்ப்பேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

ஒருநாள் போனால் புற்றில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. உள்ளே சேர்க்க மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் தள்ளினார்கள், இப்போது வெளியேயும் எவளோ வந்து உரிமை கொண்டாடுகிறாளே என்று கண்டபடி ஏசிக்கொண்டே முந்தானையால் துடைத்தேன். அடுத்த வாரமும் அப்பியிருந்தது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற இந்து ஊர்களிலிருந்து உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அந்தப் பாதையில்தான் நடப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணை மூடிச் சிலுவை போட்டு நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

"ஏளா, இது கறையான் புத்துல்லா?"

"ஆமா."

"அடியில பெட்டி இருக்கு. அதத் தின்னுட்டுல்லா இது வளருது. பெட்டி தீந்தா அடுத்து..."

நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையை வைத்து அளந்தேனே, அத்தனை உயரமும் அவன் பெட்டியைத் தின்று எழுந்தது. இரவெல்லாம் இரண்டு பேரும் தூங்கவில்லை.

விடிந்ததும் அவர் மண்வெட்டியும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புற்றுக்கு முன்னால் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். உப்புப் பட்டுக் கால் வெடித்திருந்தது. தூக்குச்சட்டியிலிருந்து புற்றின் மேல் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அண்ணாச்சி, புத்த இடிச்சிராதிய. குடும்பத்துக்கு ஆகாது."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடிக்கப் போனேன். "புத்தா? எம் பிள்ளையப் பொதைச்ச இடம்ளா இது! இதுல வந்து மஞ்சத் தடவுத!"

அவள் சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தெரியாதுக்கா. எனக்குப் பிள்ள தங்க மாட்டேங்கு. மூணு போச்சு. புத்துக்குப் பால் ஊத்துன்னு சொன்னாவ." பிறகு புற்றைப் பார்த்தபடி, "எத்தன மாசத்துப் பிள்ளக்கா?" என்று கேட்டாள்.

"மாசமா? ஒரு சொட்டுப் பால் குடிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டிக்குள் பார்த்தாள். மிச்சமிருந்த பாலை நிதானமாக, சிந்தாமல் புற்றின் வாய் வழியாக உள்ளே ஊற்றினாள். ஊற்றிவிட்டு உப்பளத்துப் பாதையில் போய்விட்டாள்.

நிறுத்துங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் அவர் ஓங்கி வெட்டிவிட்டார். மேலே கல்லாக இருந்த மண்ணுக்கு உள்ளே அறை அறையாக இருந்தது. வெள்ளைக் கறையான்கள் சிதறி ஓடின. நடுவில் தம்பி வைத்த சிப்பி கிடந்தது. இன்னும் கீழே போனபோது துருப்பிடித்த ஆணிகள் வந்தன. பலகை ஒரு துண்டுகூட இல்லை. பலகை இருந்த இடமெல்லாம் வெறும் செம்மண். அதற்குக் கீழே தோண்ட அவருக்குக் கை வரவில்லை. சிப்பியைக் குழிக்குள் போட்டு, மண்ணெண்ணெயை ஊற்றி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மட்டமாக்கினார். மிதிக்கும்போதுதான் அவர் அழுதார்.

அவர் திரும்பவும் கப்பலேறிப் போனார். நான் வாரந்தோறும் அந்த மட்டமான தரையைப் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. எந்த இடம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. புற்று இருந்தபோது பெட்டிதான் போயிற்று, இடித்த பிறகு பிள்ளையே போய்விட்டான்.

அடுத்த ஐப்பசி மழை விட்டு ஒரு காலையில் போனேன். உடைமரத்துக்கு அடுத்து ஈரச் செம்மண் ஒரு சாண் உயரத்துக்கு விரல் விரலாக நின்றது. மண்ணெண்ணெய் எட்டாத ஆழத்தில் கறையான்கள் பிழைத்திருக்கின்றன. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். காப்பிக்கு வாங்கிவைத்திருந்த பாலைத் தம்ளரில் எடுத்து, முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் செய்த மாதிரியே நிதானமாக, சிந்தாமல் ஊற்றினேன். மண் உறிஞ்சிக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, செய்த பாவமெல்லாம் சொல்லி முடித்த பிறகு சுவாமியார், "வேற?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்ல, சாமி" என்றேன்.

இன்றுவரை சொன்னதில்லை. என் பிள்ளைக்கு நான் பால் கொடுத்தேன். அதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது?