தறி மேல் போட்ட பழி

வண்ண மீன் கடைக்காரர் திறந்த டப்பாவில் மீன் தீனிக்கான சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. அந்தச் சாக்கடை வாசனைக்கே எனக்குக் கண் அரித்தது. சங்கரன்கோவிலில், தறிகள் ஓயாமல் தடதடத்த கொட்டகையை ஒட்டி அப்பா வைத்திருந்த வண்ண மீன் கடை இன்று இல்லை. சின்ன வயதில் அங்கே தினமும், சிக்கு நூல்போல் சுருண்டு கிடக்கும் புழுவை வெறுங்கையால் அலசி அலசி என் விரல்கள் தடித்தன, மூச்சு இழுத்தது.

"தறிப் பஞ்சு ஒனக்கு ஒத்துக்கல மக்கா, உள்ள தொட்டிப் பக்கத்துலயே இரி" என்று அப்பா என்னைப் புழுவிடமே உட்கார்த்தி வைத்தார். புழுதான் காரணமென்று டாக்டர் கண்டுபிடிக்க இருபது வருடமாயிற்று. மீன் வளர்ப்பதையே விடச் சொன்னார்.

"ஒத்துக்கலன்னா விட்டுருங்கம்மா" என்றார், இதையெல்லாம் கேட்ட கடைக்காரரும்.

"கிளவுஸ், மாஸ்க் ரெண்டும் இருக்கு அண்ணாச்சி, கட்டுங்க. பழியெல்லாம் தறி மேல போச்சு, புழு தப்பிச்சுக்கிச்சு. இந்தப் புழுவ என் மீனு தின்னே தீரணும்."