நிஸ்ஸெய்க்குள் ஒளிந்திருந்த இரண்டு

சீதாதேவி பேராக் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கணவர் மணியத்தோடு நியூசிலாந்தில் ஆக்லாந்துப் பக்கம் பாபகூராவுக்குக் குடிவந்து, 1984-இல் விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் வேலைக்குச் சேர்ந்தாள். விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு நிரப்பும் சமையற்கூடம் அது. ஐம்பது வயதாகியும் அவளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

எதிரே நின்று ரொட்டி வைப்பவர் மாரியோ. பிறந்தது பிரேசில், பேச்சு போர்த்துக்கீசு, முகம் மட்டும் ஜப்பான். பெற்றோர் ஜப்பானிலிருந்து கப்பலேறிப் போனவர்களாம்.

"எங்க ஊர்ல என்னை நிஸ்ஸெய்னு சொல்வாங்க. அப்பா அம்மா இஸ்ஸெய், என் மக சான்ஸெய்," என்றார் ஒருநாள். "அர்த்தம் கேக்காதீங்க, எனக்கே தெரியாது. யுத்தத்தப்ப அங்க ஜப்பானிய மொழிக்குத் தடை. வீட்டுலயும் விட்டுட்டாங்க."

"அட, எங்க தோட்டத்துல அதைப் படிக்காட்டி அடி!"

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். பள்ளியில் வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொல்வார்கள். பயந்து படித்தது மறக்குமா? விரலை மடக்கினாள். "இச்சி, நி, சான்." சட்டென்று நிறுத்தினாள். "மாரியோ! ஒண்ணு, ரெண்டு, மூணு! நி-ன்னா ரெண்டு. மிச்சம் ஸெய். அது தலைமுறையாத்தான் இருக்கணும்!"

மாரியோ ரொட்டிக் கூடையைக் கீழே வைத்தார். "நாப்பத்தாறு வருஷமா என்னை 'ரெண்டாந் தலைமுறை'ன்னா கூப்பிட்டாங்க? நானும் சுத்தமான போர்த்துக்கீசுன்னு நெனச்சேன். எழுதுறப்பகூட ரெண்டு எஸ் போடுவோம். ஒண்ணு போட்டா எங்க வாயில இசட் ஆயிடும்." சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்தப் பிள்ளை?"

"நாலுக்கு ரெண்டு பேர் உண்டு. ஷி-ன்னா சாவுன்னும் அர்த்தமாம், அது வேணாம். யோன் வச்சுக்குங்க. யோன்ஸெய்!"

பிள்ளை பிறந்தது, பெண். சாவோ பாவ்லோவிலிருந்து அக்காள் எழுதிய கடிதத்தை மாரியோ கூடத்தின் நடுவே நின்று படித்தார்: "நம் வீட்டின் முதல் யோன்ஸெய்க்கு முத்தங்கள்." அங்கே அந்தச் சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது! சீதாதேவி தலையுறையைக் கழற்றி மேலே வீசினாள்.

அன்று கூடத்தில் எல்லாரும் தாங்கள் எத்தனையாந் தலைமுறை என்று எண்ணச் சொல்லி அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கடைசியில் மாரியோ கேட்டார்: "அப்ப நீங்க?"

அப்பா வீரையா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். அந்தக் கணக்கில் அவள் இரண்டு. ஆனால் ஆக்லாந்தில் பெட்டியோடு வந்து இறங்கியது அவளல்லவா?

"இங்க நான் இச்சி," என்றாள், நெஞ்சில் தட்டி. "நம்பர் ஒன்!"

மாலை ரயிலில் பாபகூரா வரைக்கும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவேயில்லை.